வெற்று ஆணிகள்

"மோவாயைத் தூக்குப்பா" என்றாள் நெல்லா.

ஆல்டோ நுரை பூசிய மோவாயை மெல்லத் தூக்கினார். கன்னம் இரண்டையும் மழித்து முடித்தவள் தொண்டைக்கு வந்திருந்தாள். அங்கே தோல் தளர்ந்து தொங்கியது. இடது கையால் இழுத்துப் பிடித்தால்தான் கத்தி ஓடும்.

"கத்தி கழுத்துல இருக்கும்போதே ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் ஆல்டோ. "கேட்டுட்டு உனக்குக் கோபம் வந்தா வேலை சுலபம்."

"வாயை மூடு. வெட்டிடும்."

"கேமராவுல ஃபிலிம் இல்ல."

"இப்ப யாரைப் படம் எடுக்கப் போற? என்னையா, இந்தச் சோப்புக் கிண்ணத்தையா? வேணும்னா கீழ மருந்துக்கடையில வாங்கிட்டு வர்றேன்."

"இப்ப மட்டும் இல்ல. ஆறு வருஷமா இல்ல."

நெல்லாவின் கை நின்றது. பனி மூடிய ஜன்னலுக்கு அப்பால் வளைகுடாவிலிருந்து கப்பல்களுக்கான சங்கு ஒருமுறை ஊதி அடங்கியது. கட்டிலின் கால்மாட்டில், எப்போதும் தொங்கும் கொக்கியில், அந்தப் பழைய கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. தோல் உறை அவர் விரல் பட்டுப் பட்டு ஓரிடத்தில் கறுத்துப் பளபளத்தது.

நார்த் பீச் வட்டாரத்தில் ஆல்டோ ஃபிகோனேயைத் தெரியாதவர் இல்லை. சரியாகச் சொன்னால், லான்டெர்னா காப்பிக்கடைக்குப் போகிற யாருக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. வேறு எங்கும் போகாத மனிதர் அவர். நாற்பத்து மூன்று வருடம் அந்தக் கடையில் ஜன்னலோர மேசை. அச்சேறாத கவிஞர்கள், ஒரு படமும் விற்காத ஓவியர்கள், நள்ளிரவுவரை ஊதிவிட்டு மத்தியானம் எழுந்து வரும் வாத்தியக்காரர்கள், உலகத்தையே திருத்தத் தெரிந்த துறைமுகத் தொழிலாளிகள் என்று அங்கே வந்து உட்கார்ந்த எல்லோரையும் அவர் படம் எடுத்தார். பிரிண்ட் கேட்டால் மட்டும் "நாளைக்கு" என்பார். அந்த நாளைக்கு சில சமயம் எட்டு மாதம் ஆகும். கவிஞர் சைலஸின் கல்யாணப் படம் அவருடைய விவாகரத்துக்கு அடுத்த வாரம்தான் கைக்கு வந்தது. சைலஸ் அதையும் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். படம் அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால் ஆல்டோவின் நாளையை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அது கடையின் நிரந்தர வேடிக்கைகளில் ஒன்று.

நெல்லாவுக்கு அது வேடிக்கையாக இருந்ததே இல்லை. அவள் பிறந்த அன்று அவர் லான்டெர்னாவில் இருந்தார். மூன்றாம் நாள் அவளையும் அங்கே தூக்கிப்போய் ரொட்டிக் கூடையில் படுக்கவைத்துப் படம் எடுத்தார். அம்மா பதினோரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டாள். நெல்லா வளர்ந்து முப்பதாம் எண் பஸ்ஸை ஓட்டுகிறாள். லான்டெர்னா வாசலைத் தினமும் பதினாறு தடவை கடக்கிறாள். உள்ளே போவது வாரம் ஒருமுறை.

"என்னப்பா சொல்ற? பாத்தேனே. போன வாரம்கூட கடையில பியரினாவை எடுத்தியே."

"சத்தம் வரும். ஃபிலிம் இல்லாட்டியும் சத்தம் வரும்." ஆல்டோ மூச்சு வாங்கினார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இப்போதெல்லாம் வெகுதூரம் போய்வர வேண்டியிருந்தது. "இடது பக்கம் ஒரு குமிழ் இருக்கு பாரு. உள்ள ஃபிலிம் இருந்தா, லீவரை இழுக்கும்போது அது சுத்தும். ஆறு வருஷமா சுத்தல. நாள் முழுக்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தானுங்க. ஒருத்தனும் குமிழைப் பாக்கல."

"ஏன்?"

"கண்ணு. நடுவுல சாம்பலா ஒரு வட்டம். காது தெரியும், தொப்பி தெரியும், பின்னாடி இருக்கிற காப்பி மெஷின் தெரியும். மூஞ்சி மட்டும் தெரியாது. கொத்தனார் புரூனோ செத்தானே, அந்தச் சுருளைக் கழுவினேன். ஒரு மூஞ்சிகூடச் சரியா விழல. வெட்டிக் குப்பையில போட்டேன்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். பழகிக்கச் சொன்னான்."

"அப்புறம் எதுக்கு அதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச? நிறுத்திட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கேமராவை வச்சிட்டுப் போய் உக்காந்தா நான் யாரு? ஓரமா ஒரு கிழவன்." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "ஃபிலிம் போட்டா கழுவணும். கழுவினா தெரிஞ்சிடும். போடலைன்னா நாளைக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கலாம்."

நெல்லா கத்தியைக் கிண்ணத்து நீரில் அலசினாள். தன் நாற்பதாவது பிறந்தநாளன்று லான்டெர்னா வாசலில் அவர் தன்னை நிற்கவைத்து, தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டு, மூன்று தடவை எடுத்ததை நினைத்தாள். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

"என் பொறந்தநாளுக்கு எடுத்தியே?"

ஆல்டோ தலையை அவள் பக்கம் திருப்பினார். அவர் கண்கள் அவள் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில், காதின் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்தாறு வருடமாகவே அவர் அப்படித்தான் பார்க்கிறார். தன்னை நேராகப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

"மத்தவங்க போகட்டும்" என்றார். "ஒடெட்கிட்ட சொல்லணும். அவ புருஷன் வெர்னனோட கடைசிப் படம். அவ கேட்டுக்கிட்டே இருக்கா. அவகிட்ட மட்டும் நீ சொல்லிடு."

"நான் சொல்லணுமா? எடுத்தது நீ, ஏமாத்தினது நீ, சொல்றது மட்டும் நானா? அம்மாகிட்டயும் இப்படித்தான் என்னைய அனுப்புவ." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஒடெட் அத்தை ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காங்க. இதோ போன். கூப்பிடறேன், பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க. நீயே சொல்லு."

ஆல்டோ கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு" என்றார்.

மிச்சமிருந்த நுரையை அவள் வழித்து முடித்தாள். கடைசி இழுப்பில் தொண்டையருகே சின்னதாக வெட்டிவிட்டது. கை தவறியதா, தவறவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. காகிதத் துண்டைக் கிள்ளி ஒட்டினாள். அதில் சிவப்பாக ஒரு புள்ளி பரவி நின்றது. போன் சுவரில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நாளைக்கு என்று அவரே சொல்லிவிட்டாரே என்று, கோபத்தோடுதான் என்றாலும், விட்டுவிட்டாள்.

மத்தியானம் கோழிச் சாற்றில் பொடிப் பாஸ்தாவை வேகவைத்துக்கொண்டிருந்தாள். உப்புப் பார்க்கக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது அறையிலிருந்து அவருடைய மூச்சின் இழுப்புச் சத்தம் வராததைக் கவனித்தாள். மணி மூன்றேகால். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தாள். காகிதத் துண்டு இன்னும் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஊருக்குள் யாரையும் புதைக்கச் சட்டம் விடாது. செத்தவர்களையெல்லாம் தெற்கே, கல்லறைகளுக்கென்றே இருக்கும் கோல்மாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். திங்கட்கிழமை சதுக்கத்துத் தேவாலயத்தில் பூசை முடிந்து, கோல்மாவில் குழிக்குள் இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு எல்லோரும் லான்டெர்னாவுக்குத் திரும்பினார்கள். பெட்டியில் கிடந்தபோது அந்த வெட்டுக்காயத்தின்மேல் பவுடர் பூசியிருந்தார்கள். இருக்குமிடம் தெரிந்ததால் நெல்லாவுக்கு மட்டும் தெரிந்தது.

லான்டெர்னாவில் சாவுக்கு ஒரு முறை உண்டு. யார் போனாலும், கோல்மாவிலிருந்து திரும்பியதும் மிச்சமிருப்பவர்கள் கடையின் பச்சை விதானத்துக்குக் கீழே வரிசையாக நிற்பார்கள். போனவர் இதற்கு முந்தைய படத்தில் எங்கே நின்றாரோ அந்த இடத்தை, ஓர் ஆள் அகலத்துக்கு, காலியாக விடுவார்கள். ஆல்டோ படம் எடுப்பார். பிறகு உள்ளே போய்க் காப்பியில் ஒரு மடக்கு கிரப்பா சாராயம் ஊற்றிக் குடிப்பார்கள். கடைக்காரி பியரினா பின்சுவரில் ஓர் ஆணி அடிப்பாள். என்றைக்குப் படம் வருகிறதோ அன்றைக்கு அதில் மாட்டுவதற்கு. அந்தச் சுவரில் இருபத்திரண்டு படங்கள் இருந்தன. முதல் படத்தில் முப்பத்தைந்து பேர். படத்துக்குப் படம் வரிசை சுருங்கிக்கொண்டே வரும். அவற்றுக்குப் பிறகு ஐந்து ஆணிகள் வெறுமனே நின்றன.

நெல்லா உள்ளே நுழைந்தபோது பியரினா இந்த முறை முன்கூட்டியே நாற்காலிமேல் ஏறி ஆறாவதை அடிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது. இறங்கச் சொன்னால் சுத்தியல் நம் பக்கம் திரும்பும்.

"வா பொண்ணே" என்றாள் வாயில் ஆணியோடு. "அவனோட சுருளெல்லாம் எங்க வச்சிருக்கான்? கட்டிலுக்கு அடியிலயா? என் தங்கச்சி மருமகன் லேபுல வேலை பாக்கறான். எல்லாத்தையும் கொண்டா, ஒரே நாள்ல கழுவிடலாம். உங்கப்பன் ஆறு வருஷமா காட்டின நாளைக்கு இனிமேதான் வரப் போகுது."

"எனக்கு அந்த மீன் பண்டிகையில எடுத்தது வேணும்" என்றார் சைலஸ். கோட்டின் முழங்கையில் ஓட்டை; எண்பது வயதிலும் அதை ஒரு கொள்கையாக வைத்திருந்தார். "அதுல நான் அழகா இருக்கேன்னு ஆல்டோவே சொன்னான்."

"அவனுக்குக் கண்ணு போயிடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் பியரினா. எல்லோரும் சிரித்தார்கள்.

நெல்லா சிரிக்கவில்லை. காலையில் மருந்துக்கடையில் ஒரு சுருள் வாங்கிக் கேமராவில் போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்குப் படம் எடுக்கச் சொல்வார்கள், அதுமட்டும் நிச்சயம். வீட்டுக் கூரை ஒழுகி எல்லாச் சுருளும் நனைந்துவிட்டன என்று ஒரு பொய்யையும் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். நல்ல பொய்தான். யாருக்கும் அவர்மேல் கோபம் வராது. அவள் வாரம் ஒருமுறை வந்து காப்பி குடித்துவிட்டுப் போகலாம்.

கழிவறைக்குப் போகும் நடையில், வெறும் ஆணிகளுக்கு நேர் கீழே, ஒடெட் உட்கார்ந்திருந்தாள். சாக்ஸபோன்காரர் வெர்னனின் மனைவி. வெர்னன் போய் நாலு வருடம். தலையில் கறுப்புத் தொப்பி, மடியில் பெரிய கைப்பை.

"உக்காரு" என்றாள். கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளிச் சட்டத்தை எடுத்தாள். அதில் மாதிரிக்குக் கடைக்காரன் வைத்த படம் அப்படியே இருந்தது: பனிச்சறுக்குத் தொப்பி போட்ட யாரோ ஒரு இளைஞன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. "நாலு வருஷமா இவன் என் பியானோ மேல இருக்கான். உன் புது மாப்பிள்ளையான்னு என் தங்கச்சி கேக்கறா. வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் இவனை அறிமுகப்படுத்தி வைக்கறேன்."

"அத்தை..."

"வெர்னனுக்குக் கேமரான்னா ஆகாது. உனக்குத் தெரியுமில்ல? எந்தப் படத்துலயும் தலையைத் திருப்பிக்குவார், இல்லாட்டி கை குறுக்க வந்துடும். அன்னைக்கு மட்டும் பாத்தார். சக்கர நாற்காலியில கூட்டிட்டு வந்தேன். அந்த நீலக் கோட்டை நான்தான் போட்டுவிட்டேன். நாலு சுரம் ஊதினார், அதுக்கு மேல மூச்சு இல்ல. வாத்தியத்தை இறக்கி மடியில வச்சுட்டு ஆல்டோவைப் பாத்தார். நேரா. சரிடா, எடுத்துக்கோங்கற மாதிரி." ஒடெட் சட்டத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். "அந்த ஒண்ணு போதும் எனக்கு. மத்ததை நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க."

கூரை ஒழுகியது என்று நெல்லா சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், எங்கோ ஈரத்தில் அழிந்தாவது வெர்னனின் பார்வை ஒருகாலத்தில் இருந்தது என்று ஒடெட் நம்பிக்கொண்டிருப்பாள். பெட்டியைக் கிளறச் சொல்வாள். ஓரத்தில் ஒன்றாவது தப்பியிருக்காதா என்று தினம் கேட்பாள். இவளும் நாளைக்குப் பார்க்கிறேன் என்பாள்.

"அத்தை, அந்தப் படம் இல்ல."

"தொலைச்சிட்டானா?"

"எடுக்கவே இல்ல."

"எடுத்தானே. நான் பக்கத்துல நின்னேன். சத்தம் கேட்டுச்சே, எட்டு தடவை. நான் எண்ணினேன்."

"சத்தம் மட்டும்தான். உள்ள ஃபிலிம் இல்ல. ஆறு வருஷமா இல்ல. அப்பாவுக்குக் கண்ணு போயிடுச்சு, மூஞ்சியே தெரியாம இருந்திருக்கு. வெளிய சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு..." அதற்குமேல் அவருக்காகப் பேச அவளுக்கு நா எழவில்லை.

முன்னறையில் யாரோ பால் நுரைக்கும் குழாயைத் திறந்தார்கள். அந்த இரைச்சல் ஓயும்வரை ஒடெட் சட்டத்திலிருந்த இளைஞனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னன் பாத்தப்போ ஆல்டோவுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள்.

"காது, கோட்டு. மூஞ்சி இருக்கிற இடத்துல சாம்பலா இருந்திருக்கும்."

"ம்." சட்டத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை காலையில. உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

"அவன் போனது எத்தனை மணிக்கு?"

"மூணேகாலுக்கு."

"நான் வீட்லதான் இருந்தேன்" என்றாள் ஒடெட். "நாள் முழுக்க. ரெண்டு தெரு."

"ஆமா அத்தை."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். வந்து அவன் மூஞ்சியிலயே கேட்டிருப்பேன்."

நெல்லா நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் ஆறாவது ஆணி புதிதாக மின்னியது. அழவேண்டும்போல இருந்தும் ஒடெட்டின் முன்னால் அழத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

"மத்தவங்ககிட்டயும் சொல்லிடு" என்றாள் ஒடெட், தொப்பியைச் சரிசெய்துகொண்டே எழுந்து. "இன்னைக்கே, கிரப்பா ஊத்துறதுக்கு முன்னாடி. நாளைக்குன்னு மட்டும் சொல்லிப் பாரு."

வெளியே விதானத்தின் கீழ் பெரிய வாக்குவாதமாக இருந்தது. மொத்தம் ஒன்பது பேர்தான் மிச்சம். ஆல்டோவின் இடத்தை எங்கே காலியாக விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்தேழு தடவையும் அவர் வரிசையில் நின்றதே இல்லை.

"அவன் இடம் கேமராவுக்குப் பின்னாடி" என்றார் சைலஸ். "நியாயமாப் பாத்தா அங்கதான் யாரும் நிக்கக் கூடாது. கேமரா இல்லாம நாம சும்மா அஞ்சு நிமிஷம் நின்னுட்டு உள்ள போயிடணும்."

"நீ வாழ்க்கை முழுக்க அதைத்தான் பண்ணின" என்றாள் பியரினா. "நடுவுல விடுங்கடா. எனக்குப் பக்கத்துல. காப்பி குடிச்சது என் கடையில, அப்ப என் பக்கத்துலதான் அவன் இடம். பொண்ணே, நீ எடு. உங்கப்பன் கேமராதானே அது?"

நெல்லா தெருவோரத்துக்குப் போய் நின்றாள். முப்பதாம் எண் பஸ் ஒன்று பின்னால் போயிற்று. ஓட்டிக்கொண்டிருந்த மரியோன் தன் தொப்பியைக் கழற்றினான். வரிசை நின்றுவிட்டது. பியரினாவுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்குக் கடையின் கண்ணாடிக் கதவு தெரிந்தது.

ஒடெட் வரிசைக்குப் போகவில்லை. தெருவோரம் நெல்லாவிடம் வந்தாள்.

"இதுல ஃபிலிம் இருக்கா?"

"இருக்கு. காலையில வாங்கினேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

நெல்லா கேமராவை அவள் பக்கம் திருப்பி இடப்பக்கத்துக் குமிழைக் காட்டினாள். "இதுமேல விரலை வைங்க." ஒடெட் கையுறையைக் கழற்றிவிட்டு ஆள்காட்டி விரலை வைத்தாள். சுருளின் வெளிச்சம் பட்ட முன்துண்டைத் தள்ளிவிட, படமெடுக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, நெல்லா லீவரை மெல்ல இழுத்தாள். விரலுக்கு அடியில் குமிழ் சுழன்றது. அது நின்ற பிறகும் ஒடெட் கொஞ்சநேரம் விரலை எடுக்கவில்லை.

"ஒடெட், வா. குளுருது" என்று கத்தினார் சைலஸ்.

ஒடெட் கையுறையை மாட்டிக்கொண்டு தெருவோரத்திலிருந்து நடந்தாள். வழக்கமாக அவள் நிற்பது இடக்கோடியில். அங்கே போகவில்லை. நேராகப் பியரினாவின் பக்கத்துக்குப் போய், காலியாக விட்டிருந்த இடத்தில் நின்று, கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஆல்டோவோட இடம்டி" என்றாள் பியரினா. "தள்ளி நில்லு."

ஒடெட் நகரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பியரினா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருவோரத்தில் நிற்கும் நெல்லாவைப் பார்த்தாள். என்னவோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

நெல்லா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, கறுப்புத் தொப்பியின் கீழே ஒடெட்டின் இரண்டு முகங்களும் நெருங்கி வந்து ஒன்றாயின. அவள் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தோளோடு தோளாக ஒன்பது பேர். நடுவில் எங்கும் இடமில்லை.

நெல்லா அழுத்தினாள்.